ஜூலை 4-ல் எடுத்த முடிவு: வில்லியம் பெண்டிங் பிரபுவும் வேலூர்க் கோட்டையும் (நிகழ்வு ஆய்வு)

1806 வேலூர்ப் புரட்சியை நம் பள்ளிப் பாடம் சிப்பாய்களின் பக்கம் நின்று சொல்கிறது. அப்படிச் சொல்வதுதான் நியாயம். இங்கே அதே நிகழ்வை எதிர்ப்பக்கத்திலிருந்து, சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த ஆளுநரின் மேசையிலிருந்து பார்க்கிறேன். அந்த ஆளுநர் வில்லியம் பெண்டிங் பிரபு. கணவன் சிதையில் மனைவி உடன்கட்டை ஏறும் ‘சதி’ வழக்கத்தை ஒழித்தவர் என்று பிற்காலத்தில் பெயர் வாங்கிய அதே பெண்டிங்தான்.

சிப்பாய்கள் அணிய வேண்டும் என்று உத்தரவான புதிய தலைப்பாகைக்கு வேலூரில் எதிர்ப்பு இருப்பது மே மாதமே ஊரறிந்த செய்தி. ஜூன் கடைசியில் தலைமைத் தளபதிக்கே மனம் தடுமாறியது. ஜூலை 4-ம் தேதி ஆளுநர் சபை விஷயத்தை எடுத்துப் பேசியது. பேசிய பிறகும் உத்தரவைத் திரும்பப் பெறவில்லை. ஆறு நாள் கழித்துக் கோட்டைக்குள் சுடத் தொடங்கினார்கள். தகவல் கையில் இருந்தும் ஏன் இப்படி முடிவெடுத்தார்கள், அந்த முடிவு அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்த ஆய்வு. பெரிய பொதுப் பதவியில் இருந்தவர்களை மட்டும் பெயரால் குறிப்பிடுகிறேன். சிப்பாய்களும் மற்ற அதிகாரிகளும் பதவியால் மட்டும் வருகிறார்கள்.

பின்னணி: ஒரு கோமகனின் இரண்டாவது மகன்

பெண்டிங் 1774 செப்டம்பரில் பிறந்தார். தந்தை போர்ட்லண்டின் மூன்றாவது கோமகன். 1783-ல் ஒருமுறையும் 1807 முதல் 1809 வரை இன்னொரு முறையும் பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். ஆங்கிலேயப் பிரபு வம்சங்களில் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்குத்தான். இளையவர்கள் படை, திருச்சபை, அரசுப் பதவி என்று எதிலாவது தங்களுக்கு ஓர் இடம் தேடிக்கொள்ள வேண்டும். பெண்டிங் 1791-ல் கோல்ட்ஸ்ட்ரீம் காவல் படையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் போர்கள் தொடங்கிய காலம் என்பதால் பதவி உயர்வு வேகமாக வந்தது. 1796-ல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆகிவிட்டார். 1799-ல் வடக்கு இத்தாலியில் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படையோடு இருந்து போரை நேரில் பார்த்தார்.

1803 ஆகஸ்ட் கடைசியில் சென்னை ஆளுநராக வந்து இறங்கியபோது அவருக்கு 29 வயதுகூட நிரம்பவில்லை. இந்தியாவில் அதற்கு முன் வேலை பார்த்ததில்லை. மைசூர், ஆர்க்காடு, தஞ்சாவூர், பாளையக்காரர் சீமை எல்லாம் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துக் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கைக்கு வந்திருந்த நேரம் அது. இவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஓர் இளைஞரிடம் ஒப்படைத்ததில் குடும்பச் செல்வாக்குக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவரை வெறும் செல்வாக்குப் பிள்ளை என்று தள்ளிவிட முடியாது. வேலையில் அக்கறை உள்ளவர், லஞ்சக் கறை படாதவர். உழவரிடமிருந்து அரசே நேரடியாக நிலவரி வாங்கும் தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறையை ஆதரித்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய குறை வேறு இடத்தில் இருந்தது. படையைப் பற்றிய எதையும் படைத் தலைமை சொல்வதை வைத்தே அறிந்துகொண்டார். தானும் ஒரு படை அதிகாரி என்பதால் அந்தப் பேச்சு அவருக்கு இயல்பாகவே நம்பத் தகுந்ததாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேலூரில் இருந்த நிலை

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, அவருடைய மகன்களையும் குடும்பத்தையும் கும்பினி வேலூர்க் கோட்டைக்குள் அரண்மனையில் வைத்தது. அவர்களைச் சுற்றிப் பணியாட்கள், பழைய மைசூர் ஆட்கள் என்று பெருங்கூட்டம் ஊரில் வந்து குடியேறியிருந்தது. கோட்டைக் காவலில் ஏறக்குறைய 1,500 இந்தியச் சிப்பாய்களும், நானூறுக்குச் சற்றுக் குறைவான ஐரோப்பியப் படைவீரர்களும் இருந்தார்கள். தோற்ற அரசரின் குடும்பமும் அந்த அரசரைத் தோற்கடித்த பட்டாளமும் ஒரே மதிலுக்குள்! செலவையும் வசதியையும் பார்த்து எடுத்த ஏற்பாடு. ஏழு ஆண்டு பெரிய குழப்பம் இல்லாமல் ஓடியதால், இதில் ஆபத்து இருக்கிறது என்ற நினைப்பே எல்லோருக்கும் மங்கிப்போயிருந்தது.

உத்தரவு உருவான விதம்

தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், சிதறிக் கிடந்த படை விதிகளை ஒரே தொகுப்பாக்க விரும்பினார். 1806 மார்ச்சில் அதற்கு ஆளுநர் சபையின் ஒப்புதல் கிடைத்தது. அந்தத் தொகுப்பின் 11-வது பிரிவில் 10-வது பத்தியாக ஒரு விதி இருந்தது. சீருடையில் இருக்கும்போது சிப்பாய் நெற்றியில் சமயக் குறியோ சாதிக் குறியோ இடக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடையை மழித்திருக்க வேண்டும், மீசை கூடுமானவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தொகுப்பில் புதிதாகச் சேர்த்த பகுதிகளை மட்டும் அடையாளம் இட்டுக் காட்டினார்கள், மற்றவை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை என்று நம்பினோம், இந்தப் பத்தி தனியாகக் கண்ணில் படவில்லை என்று பெண்டிங் பின்னாளில் விளக்கம் சொன்னார். பொய் என்று தள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கோப்பு பார்த்த யாருக்கும் இது புரியும். ஆனால் விபூதியும் நாமமும் கடுக்கனும் தாடியும் இந்த நாட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்த ஒரே ஓர் ஆள் அந்த வரியை ஒருமுறை படித்திருந்தால்கூடப் போதுமே என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை.

இதோடு புதிய தலைப்பாகையும் சேர்ந்துகொண்டது. படைத் தலைமை அலுவலகத்தில் உருவான அதைத்தான் நாம் ‘அக்னியூ தலைப்பாகை’ என்று படித்திருக்கிறோம். பார்வைக்கு ஐரோப்பியத் தொப்பி போல இருந்தது. அதில் செருகிய குஞ்சம் தோலால் ஆனது. அது எந்த மிருகத்தின் தோல் என்ற கேள்வி இந்து, முஸ்லிம் இருவர் மனத்தையும் குடைந்தது. அக்காலப் பேச்சில் ‘தொப்பிக்காரன்’ என்றால் வெள்ளைக்காரன். தொப்பி போட்டவன் நாளைக்குக் கிறிஸ்தவனாகிவிடுவான், அவன் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பேச்சு கடைத்தெருவில் பரவியது. உத்தரவு போட்டவர்களுக்கு அது துணியும் தோலும். அணிகிறவனுக்கு அவன் வீடு, உறவு, பந்தி எல்லாமே அதில் அடங்கியிருந்தன.

மே, ஜூன்: கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிகள்

மே முதல் வாரத்தில் வேலூரில் இருந்த ஒரு பட்டாளத்தின் சிப்பாய்கள் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். அதிகாரிகள் இதைக் கட்டுப்பாடு மீறிய செயலாக மட்டுமே பார்த்தார்கள். இருபத்தொரு சிப்பாய்கள் கைதாகிச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பதினொருவர் இந்துக்கள், பத்துப் பேர் முஸ்லிம்கள். இந்தக் கணக்கைப் பார்த்த யாருக்காவது, இரண்டு சமயத்தாரும் ஒரே காரணத்துக்காக ஒன்றாக நிற்கிறார்களே என்று உறைத்திருக்க வேண்டும். படை நீதிமன்றம் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடியும் பணிநீக்கமும் விதித்தது. மீதிப் பத்தொன்பது பேருக்குத் தலா 500 கசையடி. அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் அந்தத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. மறுத்த பட்டாளத்தை வேலூரிலிருந்து மாற்றிவிட்டார்கள். தலைமை அலுவலகத்தின் கணக்கில் விவகாரம் அதோடு முடிந்தது.

ஜூன் நடுவில் இன்னொரு வாய்ப்பு வீடு தேடி வந்தது. வேலூரில் இருந்த வேறொரு பட்டாளத்தின் சிப்பாய் ஒருவர் தன் ஆங்கிலேயத் தளபதியைச் சந்தித்து, ஐரோப்பியரைக் கொல்லச் சதி நடக்கிறது என்று சொன்னார். தளபதி நேரடியாக விசாரிக்கவில்லை. அதே பட்டாளத்தின் இந்திய அதிகாரிகளைக் கொண்ட குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தார். புகார் பட்டாளத்தைப் பற்றியது, விசாரித்ததோ அந்தப் பட்டாளத்தின் அதிகாரிகள். சொன்னவர் புத்தி பேதலித்தவர் என்று குழு தீர்ப்புச் சொல்ல, அவரையே பிடித்து அடைத்துவிட்டார்கள். புரட்சி அடங்கிய பிறகு அவருக்கு 2,000 பகோடா (பொன் நாணயம்) பரிசும், சுபேதார் என்ற இந்தியப் படை அதிகாரிக்குரிய ஓய்வூதியமும் கிடைத்தன.

இந்தச் செய்தி பெண்டிங்கின் மேசைக்கு வந்து சேரவில்லை. வேலூரிலேயே தங்கிவிட்டது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். எச்சரிக்கை கொடுக்க ஆள் இருந்தார், துணிந்து கொடுக்கவும் செய்தார். அதை மேலே கொண்டுபோகும் வழி, யாரைப் பற்றிய புகாரோ அவர்கள் வழியாகவே போனது.

ஜூலை 4: மையமான முடிவு

ஜூன் மாத இறுதியில் கிரடாக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. சிப்பாய்களோடு நெடுநாள் பழகிய மூத்த அதிகாரி ஒருவர், தலைப்பாகை உத்தரவை விட்டுவிடுவது நல்லது என்று அவருக்கு எழுதியிருந்தார். வெறுப்பு எங்கும் பரவியிருப்பதாகத் தெரிகிறது, என்ன செய்யலாம் என்று கிரடாக் ஆளுநரிடம் கேட்டார். உத்தரவு போட்டவரே இறங்கி வந்து கேட்கும் சந்தர்ப்பம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஜூலை 4-ல் ஆளுநர் சபை எடுத்த முடிவில் இரண்டு பகுதிகள் உண்டு. உத்தரவைத் திரும்பப் பெற வேண்டாம் என்பது ஒன்று. சிப்பாய்களின் சமயத்திலும் வழக்கத்திலும் கைவைக்கும் எண்ணம் அரசுக்கு இல்லை என்று தெளிவுபடுத்தும் ஒரு பொது ஆணை வெளியிடலாம் என்பது மற்றொன்று.

அவர்கள் சொன்ன காரணங்களையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். படை நீதிமன்றம் ஏற்கெனவே தண்டனை கொடுத்துவிட்டது. இப்போது பின்வாங்கினால் அடிபட்டவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடும். கூச்சலுக்கு ஒருமுறை பணிந்தால் மறுமுறையும் கூச்சல் வரும். புதிய தலைப்பாகையை அணிந்துகொண்ட இந்திய அதிகாரிகளும் இருந்தார்கள். உண்மையிலேயே சமயத்துக்கு எதிரானது என்றால் அவர்கள் எப்படி அணிவார்கள் என்ற வாதம் எடுபட்டது. படைக் கட்டுப்பாடு என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் இதில் பெரிய ஓட்டை தெரியாது.

ஓட்டை இருந்தது அந்த இந்திய அதிகாரிகளைப் பற்றிய வாதத்தில். அவர்கள் மனமுவந்து அணிந்தார்களா, பதவி போய்விடும் என்று அணிந்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. பதவியும் ஓய்வூதியமும் கையில் இருக்கும் ஒரு சுபேதாருக்கும், ஊரில் தங்கைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கும் இந்த விஷயத்தில் இழப்பு ஒன்றல்ல. மேலே இருப்பவர் தலையாட்டியதைக் கீழே இருப்பவரின் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

முடிவின் இரண்டாவது பகுதியாவது காப்பாற்றியிருக்கலாம். அதுவும் நடக்கவில்லை. நிலைமை அமைதியாக இருப்பதாக அதற்குள் அறிக்கைகள் வந்ததால், ஆறுதல் ஆணையை வெளியிடுவது தேவையில்லாத சந்தேகத்தைக் கிளப்பும் என்று கிரடாக் கருதினார். எழுதி வைத்த ஆணை வெளியே வராமலே போயிற்று.

ஜூலை 10

10-ம் தேதி காலை அணிவகுப்பு இருந்ததால் சிப்பாய்கள் 9-ம் தேதி இரவு கோட்டைக்குள் தங்கினார்கள். அந்த 9-ம் தேதிதான் அரண்மனையில் திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணம் நடந்திருந்தது. விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு, ஐரோப்பியர் தூங்கிக்கொண்டிருந்த குடியிருப்பின் மீது குண்டுமாரி தொடங்கியது. கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டார். அவர் மனைவி குழந்தைகளோடு ஒளிந்திருந்து தப்பினார். கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஐரோப்பியர் தரப்பில் இறந்தவர்கள், பின்னர் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து, ஏறக்குறைய 130 பேர்.

கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆர்க்காட்டுக்குக் குதிரையை விரட்டினார். அங்கிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். பின்னால் வந்த பீரங்கிகள் வாயிலைத் தகர்த்தன. சிப்பாய்களுக்குள் தலைமை என்று ஒன்று நிலைபெறவில்லை. பலர் சூறையாடுவதில் சிதறிப்போயிருந்தார்கள். நண்பகலுக்கு முன்பே கோட்டை மீண்டும் கும்பினியின் கையில். அதன் பின் நடந்தது பழிவாங்கல். அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த நூறு பேரளவிலான சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்களின் தொகையைக் குறைவாகச் சொல்பவர்களே 350 என்கிறார்கள்.

விசாரணை, தண்டனை, பழி

ஒரு வாரத்துக்குள் தலைப்பாகை உத்தரவு ரத்தானது. ஜூலை 4-ல் முடியாது என்று சொன்னது ஜூலை 17-ல் முடிந்தது.

ஏறக்குறைய அதே நாட்களில் ஐதராபாத்திலும் இதே தலைப்பாகை, இதே முணுமுணுப்பு. அங்கிருந்த துணைப்படையின் தளபதி, சென்னையிலிருந்து அனுமதி வரும்வரை காத்திருக்காமல் தன் பொறுப்பிலேயே உத்தரவுகளை நிறுத்தி வைத்தார். அங்கே கலகம் வெடிக்கவில்லை. ஐதராபாத்தில் சூழல் வேறு, திப்புவின் குடும்பம் அங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பின்வாங்கினால் கட்டுப்பாடு குலையும் என்ற ஜூலை 4 வாதத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு கிடைக்காது.

மேஜர் ஜெனரல் ஒருவரின் தலைமையில் வேலூரில் விசாரணைக் குழு அமர்ந்து ஆகஸ்ட் 9-ல் அறிக்கை கொடுத்தது. உடை, தோற்றம் பற்றிய மாற்றங்கள், திப்பு குடும்பம் வேலூரில் இருந்தது என்று இரண்டு காரணங்களை அது சொன்னது. திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். செப்டம்பரில் தண்டனைகள் நிறைவேறின. ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்து பேரை நாடு கடத்தினார்கள்.

அப்புறம் பழி யாருக்கு என்ற சண்டை. படைத் தரப்பு திப்பு குடும்பத்தின் சதியை அழுத்திச் சொன்னது. பெண்டிங் தலைப்பாகையையே முதற்காரணமாகப் பார்த்தார். தன் சபை உறுதிப்படுத்திய உத்தரவையே காரணம் என்று சொன்னதில் ஒரு நேர்மை இருக்கிறது. அது கிரடாக்கின் மேல் விழும் கல்லும்கூட என்பதையும் மறக்க வேண்டாம். சிறையில் கிடந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களை என்ன செய்வது என்பதில் இருவரும் மோதிக்கொண்டார்கள். நாடு கடத்தலாம் என்றார் கிரடாக். கடுமை போதும் என்ற பக்கம் நின்றார் பெண்டிங்.

பயம் இப்போது இடம் மாறியிருந்தது. நவம்பரில் பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலேய மேஜர், சதி என்று கேள்விப்பட்டதை நம்பி, சுமார் 450 முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பறித்துக் கோட்டையை விட்டே வெளியேற்றினார். ஆளுநர் சபைக்கு இது பிடிக்கவில்லை. படை நீதிமன்றமோ அவரை விடுவித்தது. டிசம்பர் 3-ல் அரசு, மக்களின் சமயத்தில் தலையிட மாட்டோம் என்று உள்ளூர் மொழிகளில் அறிவிப்பு வெளியிட்டது. ஏறக்குறைய இதே பொருளில்தான் ஜூலை ஆணையும் எழுதப்பட்டு, வெளியாகாமல் கிடந்தது.

பதவி போனது

1807 ஏப்ரலில் லண்டனில் கும்பினியின் இயக்குநர் குழு பெண்டிங்கைத் திரும்ப அழைக்க முடிவெடுத்தது. அவருடைய தந்தை இரண்டாம் முறை பிரதமராகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. பதவி கிடைக்க உதவிய குடும்பப் பெயர் பதவியைக் காப்பாற்ற உதவவில்லை. அவருடைய உழைப்பையும் நேர்மையையும் பாராட்டிவிட்டுத்தான் நீக்கினார்கள். கிரடாக்கும், தலைப்பாகை உத்தரவின் பின்னால் இருந்த மற்ற இரண்டு தலைமை அலுவலக அதிகாரிகளும் அழைக்கப்பட்டார்கள். செப்டம்பரில் பெண்டிங் சென்னையை விட்டுக் கப்பலேறினார்.

தனக்கு அநீதி நடந்துவிட்டது என்று 1809-ல் இயக்குநர்களுக்கு நீண்ட விண்ணப்பம் எழுதினார். அவர்கள் தங்கள் முடிவை மாற்றவில்லை. புதிய தலைப்பாகையை வலியுறுத்திக் கடுமையான நடவடிக்கை எடுப்பதற்கு முன், சிப்பாய்களின் உண்மையான மனநிலையை அறிய இன்னும் கவனம் எடுத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் பதிலின் சாரம். வேலூர் பற்றி எழுதப்பட்ட ஆங்கில ஆவணங்களில் விஷயத்தின் நாடியைப் பிடித்த வரி இதுதான் என்பேன். லாபக் கணக்குப் பார்க்கும் ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து இது வந்தது ஒரு வேடிக்கை.

இடைப்பட்ட இருபது ஆண்டுகள்

1809 ஜனவரியில் ஸ்பெயினின் கொருண்ணாவில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1811 முதல் 1814 வரை சிசிலியில் பிரிட்டிஷ் தூதர், படைத் தலைவர் இரண்டும் அவரே. அங்கே அரசரை ஓரங்கட்டி 1812-ல் அரசமைப்புச் சட்டம் கொண்டுவரத் துணைநின்றார். 1814-ல் லண்டனின் விருப்பத்தைத் தாண்டி இத்தாலியர்களின் விடுதலைக்கு அறைகூவல் விடுத்தார், ஜெனோவாவில் பழைய குடியரசை உயிர்ப்பித்தார். நெப்போலியன் போர்களுக்குப் பின் ஐரோப்பிய எல்லைகளை வகுத்த வியன்னா மாநாடு அந்த ஜெனோவாவைச் சார்டினியா அரசுக்குக் கொடுத்துவிட்டது. வேலூர் அவரை எச்சரிக்கையான மனிதராக மாற்றிவிட்டது என்று சொல்ல நினைப்பவர்கள் இந்த இத்தாலி அத்தியாயத்தையும் படிக்க வேண்டும். பிறகு மீண்டும் நாடாளுமன்றம். இந்தியா போக வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. 1828 ஜூலையில் வங்காளத்தின் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவில் பொறுப்பேற்றார்.

1829: அதே மனிதர், வேறு வழி

உடன்கட்டை ஏறும் சதி வழக்கத்தைத் தடை செய்வதா வேண்டாமா என்ற கேள்வி அவருக்கு முன்பிருந்த தலைமை ஆளுநர்களையும் துரத்தியது. அவர்கள் தயங்கியதற்கு ஒரு காரணம் சிப்பாய்ப் படை. சமயத்தில் கைவைத்தால் படை கொதிக்கும் என்ற பயம். அந்தப் பயத்தின் மறுபெயர் வேலூர். அதை நேரில் அனுபவித்தவரே இப்போது முடிவெடுக்கும் நாற்காலியில்.

இந்த முறை முதலில் கேட்டார். சிப்பாய்களோடு பழகிய படை அதிகாரிகளுக்கு ரகசியச் சுற்றறிக்கை போனது. 49 பேரின் கருத்துகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பெண்டிங் 1829 நவம்பர் 8-ம் தேதிக் குறிப்பில் வகைபிரித்து எழுதியிருக்கிறார். எந்தத் தலையீடும் கூடாது என்றவர்கள் 5 பேர். ஒழிய வேண்டும், ஆனால் நேரடித் தடை வேண்டாம் என்றவர்கள் 12. மறைமுகமாகக் குறைக்கலாம் என்றவர்கள் 8. உடனே வெளிப்படையாகத் தடை செய்யுங்கள் என்றவர்கள் 24. சதியைக் கடுமையாக எதிர்த்த ராம்மோகன் ராயிடமும் பேசினார். நேரடிச் சட்டம் சந்தேகத்தைக் கிளப்பும், சத்தமில்லாமல் காவல்துறை வழியாகத் தடைகளைக் கூட்டலாம் என்றார் அவர். தன் முடிவுக்கு எதிரான அந்தக் கருத்தையும் பெண்டிங் குறிப்பில் மறைக்கவில்லை. டிசம்பர் 4-ல் சட்டம் வந்தது. படையில் கலகம் எழவில்லை. அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்துக்கும் தடை வந்தது.

1806-ல் தலைப்பாகை அற்ப விஷயம். அதற்காக ஒரு கோட்டையே ரத்தத்தில் மிதந்தது. 1829-ல் எடுத்துக்கொண்டது எத்தனையோ மடங்கு ஆழமான சமய விஷயம். இரண்டுக்கும் நடுவே பல வேறுபாடுகள் உண்டு. சதித் தடை சிப்பாயின் உடம்பைத் தொடவில்லை. அந்தச் சமூகத்துக்குள்ளேயே அதற்கு ஆதரவுக் குரலும் இருந்தது. அதனால் முன்கூட்டியே கேட்டது மட்டும்தான் அமைதிக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டதால் எது ஆபத்து, எது வெறும் பயம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு முடிந்தது. 1806-ல் இந்த வசதி அவரிடம் இல்லை.

1835-ல் பதவியை விட்டு இறங்குவதற்குச் சற்று முன்பு, இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடித் தண்டனையை ஒழித்து ஆணையிட்டார். வேலூரின் 900 கசையடி அப்போது அவர் நினைவில் இருந்ததா என்பதற்கு நான் சாட்சி காட்ட முடியாது. இங்கிலாந்து திரும்பிய பின் கிளாஸ்கோ தொகுதியின் உறுப்பினராக இருந்து, 1839 ஜூனில் பாரிஸில் காலமானார். அவருடைய கசையடி ஒழிப்பை 1845-ல் அப்போதைய தலைமை ஆளுநர் ஹார்டிங் பிரபு திருப்பிப் போட்டார்.

மாற்ற வேண்டியிருந்தவை

முதலில் மாற்ற வேண்டியது ஜூலை 4-ல் கேட்கப்பட்ட கேள்வி. ‘பின்வாங்கினால் நம் கௌரவம் என்ன ஆகும்’ என்று சபை கேட்டது. ‘இந்தத் தலைப்பாகையால் படைக்கு என்ன லாபம்’ என்று கேட்டிருந்தால் பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இருந்திருக்காது. லாபமே இல்லாத ஓர் உத்தரவுக்காகப் பிடிவாதம் பிடிக்கும்போது, காப்பாற்றப்படுவது உத்தரவு போட்டவரின் முகம் மட்டுமே.

அடுத்து, புகார் போகும் வழி. பட்டாளத்தைப் பற்றி வரும் எச்சரிக்கை அந்தப் பட்டாளத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் போயிருக்க வேண்டும். இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ஆர்க்காடு வேலூரிலிருந்து சில மணி நேரப் பயணம். அங்கே வேறு படையும் வேறு அதிகாரிகளும் இருந்தார்கள்.

கோப்பில் புதியவற்றை மட்டும் அடையாளமிட்டுக் காட்டும் பழக்கம் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எது புதியது என்று தீர்மானிப்பவர் கோப்பைத் தயாரித்தவரே என்றால், ஒப்புதல் கொடுப்பவர் எதற்கு ஒப்புதல் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாமல் போகும். பெண்டிங்குக்கு அதுதான் நடந்தது. இதில் அவர் பொறுப்பு குறைவு என்பதை ஏற்கிறேன். ஜூலை 4-ல் அந்தச் சாக்கு இல்லை. அன்று விஷயம் முழுதாக அவர் முன்னால் இருந்தது.

1829 முறையிலும் ஒரு குறை இருக்கிறது. 49 பேரும் அதிகாரிகள். சிப்பாய் என்ன நினைப்பார் என்று சிப்பாயின் மேலதிகாரியிடம்தான் கேட்டார்கள். 1806-ல் தவறான பதில் வந்ததும் இதே வழியாகத்தான். 1829-ல் பதில் சரியாக அமைந்துவிட்டதால் அந்த வழி நம்பத் தகுந்தது என்ற எண்ணம் நிலைத்தது. 1857-ல் வங்காளப் படையில் கொழுப்புத் தடவிய தோட்டா பற்றிய வதந்தி பரவியபோதும், தங்கள் சிப்பாய்கள் விசுவாசமானவர்கள் என்று கடைசி வாரம்வரை உறுதி சொன்ன ஆங்கிலேய அதிகாரிகள் பலர் இருந்தார்கள்.